நைட்டு முழுக்க செத்துச் செத்து முழிச்ச பெட்டி

(எபிசோடின் எழுத்து வடிவம். கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

"ஆர்டுயினோ போர்டு ஒண்ணு வாங்கினேன், எல்இடி மினுக்க வச்சாச்சு, இனி என்ன பண்ணலாம்?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அந்தப் போர்டை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள் என்பதுதான் என் பதில். சிப்பை விடுங்க, அதைச் சுத்தி இருக்கிற குட்டிக் குட்டி சாமான்களைப் பாருங்க. ஏன் இப்படிச் சொல்றேன் என்பதற்கு ஒரு கதை இருக்கு. என் மாமாவோட போட்டில் என் மானம் போன கதை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். அம்மாவுக்குத் தூத்தூர் பக்கம். அந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், சுறா பிடிப்பதில் பேர் வாங்கினவர்கள். கிளம்பினால் வாரக்கணக்கில் கடல்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது பல போட்டுகள் வெகுதூரத்தில் இருந்தன, எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த நாட்களில் எங்க பக்கத்துத் தெருக்கள் எப்படி இருந்தன என்று நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு, போட்டில் வைக்கிற எந்தக் கருவியைப் பற்றியும் எங்க வீட்டில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. அதை மட்டும் மனசில் வச்சுக்கோங்க.

என் கருவி ரொம்பச் சின்னது. போட்டில் எஞ்சினிலிருந்து ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் பேக்கிங் வைத்து அடைத்திருப்பார்கள். அங்கே கொஞ்சம் தண்ணி சொட்டுவது வழக்கம்தான். அது அடியில் சேர்ந்ததும் பம்ப் ஓடி வெளியே தள்ளும். மணிக்கு ரெண்டு தடவை தண்ணி நிறைகிற இடத்தில் ஆறு தடவை நிறைந்தால், எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். அதனால் தனியா ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்து, அது எழும்புகிற ஒவ்வொரு தடவையும் எண்ணி, வீல் ஹவுஸில் ஒரு எல்சிடி திரையில் காட்டுகிற மாதிரி ஒரு பெட்டி செய்தேன். எண்ணிக்கை எகிறினால் பஸ்ஸர் கத்தும். உள்ளே ஆர்டுயினோ ஊனோவின் குளோன் போர்டு. மேசையில் ஒரு மாசம் ஓட விட்டுப் பார்த்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

போட்டு கரைக்கு வந்ததும் மாமா சொன்னது இது: "லேய் மக்கா, ஒன் பெட்டி நைட்டு முழுக்க செத்துச் செத்து முழிச்சுது. பம்பு ஓடுத சத்தம் எனக்குக் காதுல கேக்குது, ஒன் பெட்டி பூச்சியங்குது. காவலுக்கு இருந்த பய அதப் பாத்துட்டு, தண்ணி இல்லன்னு படுத்துட்டான்."

மாமா எப்பவும் போல டார்ச்சோடு கீழே இறங்கிப் பார்த்ததால் பேக்கிங் ஒழுகுவது தெரிந்தது. இறுக்கினார், சரியாயிற்று. இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்டியைத் திரும்ப மேசைக்குக் கொண்டு வந்தேன். லேப்டாப்பில் மாட்டினால் கச்சிதமாக ஓடுகிறது. ரெண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது: லேப்டாப்பில் மாட்டுவதே தப்பு!

யுஎஸ்பி வழியாக வருவது ஏற்கனவே 5 வோல்ட். 500 மில்லி ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைத் தாண்டி அது நேராக சிப்புக்குப் போய்விடும். ஆனால் போட்டில் நான் கொடுத்தது 12 வோல்ட் பேட்டரி, அதுவும் வட்ட ஜாக் வழியாக. அந்தப் பாதையில் முதலில் ஒரு டயோடு, மாற்றி மாட்டினால் போர்டைக் காப்பாற்ற. அடுத்து வோல்டேஜ் ரெகுலேட்டர். மூணு கால், முதுகில் ஒரு தகடு, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. அது 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தால்தான் சிப்பு உயிரோடு இருக்கும். நான் ஒரு மாசம் சோதித்ததாகச் சொன்னேனே, அந்த ஒரு மாசமும் இந்த ரெகுலேட்டருக்கு வேலையே இல்லை.

இந்த வகை ரெகுலேட்டர் வோல்டேஜை எப்படிக் குறைக்கிறது தெரியுமா? மிச்சத்தைச் சூடாக்கி விட்டுவிடும், அவ்வளவுதான். எஞ்சின் ஓடும்போது பேட்டரி லைன் 14 வோல்ட் வரை ஏறும். டயோடில் 0.7 போனால் 13.3. அதில் 5 போக மிச்சம் 8.3. திரையின் பின்விளக்கு, ரிலே, பஸ்ஸர் எல்லாம் சேர்ந்து 0.2 ஆம்பியர் இழுத்தால், 8.3 பெருக்கல் 0.2, கிட்டத்தட்ட 1.7 வாட். ஹீட்சிங்க் இல்லாத அந்தத் துண்டுக்கு, எஞ்சின் பக்கத்துச் சூட்டில், மூடின பிளாஸ்டிக் பெட்டிக்குள் இது தாங்காது. எரிந்து போகாமல் இருக்க அதுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு உண்டு: சூடு கூடினால் தானே அணைந்துவிடும், ஆறினதும் திரும்ப எரியும். மாமா சொன்ன 'செத்துச் செத்து முழிச்சது' இதுதான். 12 வோல்ட் அடாப்டர் போட்டு, பெட்டியை மூடி வைத்தேன். இருபது நிமிஷத்தில் திரை அணைந்தது. கொஞ்ச நேரத்தில் எரிந்தது, பூஜ்யத்தோடு.

ஏன் பூஜ்யம்? அது முழுக்க என் தப்பு. ஊனோவில் இருக்கிற ஏடிமெகா328பி சிப்புக்குள் மூணு வகை நினைவகம் இருக்கு. நம்ம புரோகிராம் போய் உட்காருவது 32 கிலோபைட் ஃப்ளாஷில். ஓடும்போது கணக்கு வைப்பது 2 கிலோபைட் எஸ்ராமில், கரண்ட் போனால் அதுவும் போச்சு. மூணாவது 1 கிலோபைட் இஇப்ராம். கரண்ட் போனாலும் அதில் எழுதினது அழியாது, ஆனால் நிறைய பேர் அதைத் தொடுவதே இல்லை. நானும் தொடவில்லை. எண்ணிக்கையை எஸ்ராமில் வைத்திருந்தேன். போர்டு செத்து முழித்த ஒவ்வொரு தடவையும் கணக்கு முதலிலிருந்து. பெட்டி ஒரேயடியாகச் செத்திருந்தால்கூட அந்தப் பையன் சந்தேகப்பட்டிருப்பான். அது உயிரோடு இருந்து பொய் சொன்னது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன், இது இன்னும் மோசம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி வோல்டேஜ் ஒரு நொடி படுத்து எழும்பும். பழைய பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் சிப்பை நிறுத்தி வைக்கிற பிரவுன்-அவுட் காவல் உள்ளேயே இருக்கிறது. ஊனோவில் அது 2.7 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கு. ஆனால் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இந்தச் சிப்பு ஒழுங்காக ஓட சுமார் 3.8 வோல்ட்டாவது வேண்டும் என்கிறது டேட்டாஷீட். நடுவில் இருக்கிற அந்த ஒரு வோல்ட் சொச்சத்தில் சிப்பு ஓடும், ஆனால் என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மேசையில் இருக்கிற போர்டுக்கு இது பெரிய விஷயமில்லை. நான் அதை 4.3 வோல்ட்டுக்கு மாற்றினேன்.

16 மெகாஹெர்ட்ஸ் என்றதும் ஒரு சின்ன வேடிக்கை. அசல் ஊனோ ஆர்3 போர்டில் பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒரு கிரிஸ்டல் தெரியும். 'இதுதான் சிப்போட இதயத்துடிப்பு' என்று நானே காலேஜ் ஜூனியர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கேன். அது யுஎஸ்பி வேலை பார்க்கிற இன்னொரு சிப்புக்கானது. முக்கியமான சிப்புக்குத் துடிப்பு கொடுப்பது, கண்ணில்கூட படாத ஒரு செராமிக் ரெசனேட்டர். ஜூனியர்கள் மன்னிக்கவும்.

சரி, என்ன சரி செய்தேன்? பேட்டரியிலிருந்து வரும் வயரில் முதலில் ஒரு ஃப்யூஸ். பிறகு திடீரென்று எகிறும் வோல்டேஜை விழுங்க ஒரு டிவிஎஸ் டயோடு. அடுத்து எல்எம்2596 பக் கன்வெர்ட்டர். இது மிச்சத்தைச் சூடாக்கி வீணாக்காது, கரண்டை வேகமாக வெட்டி வெட்டி 5 வோல்ட் ஆக்கும், சூடு ரொம்பக் குறைவு. அதை நேராகப் போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுத்துவிட்டேன், பழைய ரெகுலேட்டருக்கு நிரந்தர ஓய்வு. எண்ணிக்கை இப்போது இஇப்ராமில் எழுதப்படுகிறது. அதில் ஒரு இடத்தில் ஒரு லட்சம் தடவைதான் எழுதலாம். மணிக்குப் பத்து என்றால் நாளுக்கு 240, ஒரே இடத்தில் எழுதினால் நானூறு நாளைக்கு வரும். அதனால் இடம் மாற்றி மாற்றி எழுதுகிற மாதிரி வைத்திருக்கேன்.

உப்புக்காற்று தனி வில்லன். போர்டின் கறுப்பு ஹெடர்களில் சொருகின ஜம்பர் வயர் மேசையில் நல்லா நிற்கும். எஞ்சின் அதிர்விலும் உப்பிலும் ஒரே பயணத்தில் பச்சை பிடித்து ஆடத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு சால்டர் பண்ணினேன். முதலில் தங்கச்சியோட நெயில் பாலிஷைப் பூசிப் பார்த்து, திட்டு வாங்கி, பிறகு கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே வாங்கி அடித்தேன்.

"ஊனோ பழசு, வேற போர்டு வாங்கலாமே?" என்று கேட்பீர்கள். வாங்கலாம். எங்க பக்கத்து ஊரான திருவனந்தபுரத்தில் சி-டாக் வடிவமைத்த தேஜாஸ்32 சிப்பு இருக்கு. ரிஸ்க்-ஃபைவ், 32 பிட், 100 மெகாஹெர்ட்ஸ். அதை வைத்து ஏரிஸ் என்று போர்டும் வந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் மூளை எவ்வளவு பெரிசானாலும் அதுக்குச் சோறு போட ஒரு பவர் பாதை வேணும். பேட்டரிக்கும் உப்புக்கும் எந்த மூளை என்று தெரியாது. உயிரைக் காக்கிற வேலைக்கு அதுக்கென்றே செய்த கருவிகள் இருக்கு. இஸ்ரோவின் ஆபத்துச் செய்திக் கருவியின் இரண்டாம் தலைமுறை 2024 ஜனவரியில் வந்தது. 'உன் செய்தி கிடைத்தது' என்று கரையிலிருந்து பதிலும் வரும் அதில். அந்த இடத்தில் என் பெட்டியை வைக்கச் சொல்ல மாட்டேன்.

கடைசியாகச் சேர்த்தது ஒரு பச்சை எல்இடி. புரோகிராம் ஒழுங்காகச் சுற்றினால் மட்டும் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை மினுக்கும். மாமா அதுக்குப் பக்கத்தில் மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கார்: "லைட்டு மின்னலன்னா நம்பாத. மின்னினாலும் ராத்திரி ரெண்டு தடவ எறங்கிப் பாரு."

பெட்டி இப்போ கடலில் இருக்கு. போட்டு வந்ததும் இஇப்ராமில் என்ன எண்ணிக்கை இருந்தது என்று சொல்றேன்.