குரல் கம்மினால் கற்கண்டு மட்டும் போதுமா?

(ஆலய ஆண்டு விழாவில் செயலவை உறுப்பினர் ஆற்றிய உரை)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் குரலை வைத்தே பிழைத்தவன் நான். ஆசிரியர் அறையில் யாருக்காவது தொண்டை கட்டியே இருக்கும். மிளகு, கற்கண்டு, இஞ்சித் தேன் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வோம். நம் ஆலயத்தில் பதிகம் பாடுகிறவர்களுக்கும், தைப்பூசத்தன்று பத்துமலையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தித் தொண்டை கம்மி வரும் தொண்டர்களுக்கும் இதே நிலைதான். ஆகவே குரல்வளையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

குரல்வளைக்குள் இரண்டு சிறு சதை மடிப்புகள் இருக்கின்றன. இவைதாம் குரல் நாண்கள். ஆண்களுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. பேசும்போது ஆணின் நாண்கள் வினாடிக்கு 100 தடவைக்கு மேலும், பெண்ணின் நாண்கள் ஏறத்தாழ 200 தடவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு நாள் பாடம் நடத்தினால் எத்தனை இலட்சம் மோதல் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த நாண்கள் இயங்குவதைக் கண்ணாடியில் பார்த்து உலகுக்குச் சொன்னவர் மருத்துவர் அல்லர். மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854ஆம் ஆண்டில், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியில் தம் குரல்வளையைத் தாமே கண்டார்.

குரல் என்பது உடம்பின் ஓர் உறுப்பைச் சார்ந்தது என்பதை நம்மவர்கள் 1967இல் நன்றாக உணர்ந்தார்கள். அவ்வாண்டு ஜனவரி 12ஆம் நாள் மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டடி பட்டார். அதன்பின் வந்த படங்களில் அவர் குரல் மாறியிருந்ததைக் கேட்காத தமிழர் இல்லை. குண்டு பட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுகிறோம். நாணில் மெல்ல வளரும் கட்டிக்கோ மாதக்கணக்கில் மிளகை மென்றுகொண்டிருக்கிறோம்!

என்னென்ன வளரும்? பால்மரம் வெட்டிய நம் பெற்றோரின் உள்ளங்கையில், கத்தி பிடித்த இடம் காய்த்துப் போயிருக்கும் அல்லவா? அதுபோல ஓயாமல் கத்துகிறவர்களுக்கு இரண்டு நாண்களிலும் எதிரெதிரே காய்ப்பு விழும். இதைக் குரல் முடிச்சு என்பர். ஆசிரியைகளுக்கும் பாடகிகளுக்கும், கூச்சலிட்டு விளையாடும் சிறுவர்களுக்கும் இது அதிகம். பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை. குரல் பயிற்சியாலேயே குணமாகும். பாலிப் என்ற சதை வளர்ச்சி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். ஒரே நாள் அலறினாலும் வரலாம். நாணுக்குள் நீர்க்கட்டி வருவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு நாண் முழுவதும் வீங்கிக் குரல் தடித்துவிடும். அவர்களுக்குப் புற்றுநோயும் இதே கரகரப்போடுதான் தொடங்கும்.

வெளியிலிருந்து கேட்டால் எல்லாமே கரகரப்புத்தான். எது எது என்று காதால் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும். நாம் விழுங்கும் தேனும் கஷாயமும் நாண்களைத் தொடுவதே இல்லை. விழுங்கும் நேரத்தில் குரல்வளை மூடிக்கொள்கிறது. அவை உணவுக்குழாய் வழியே போய்விடுகின்றன. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே.

அறுவை சிகிச்சைக்கும் அவசரப்படக் கூடாது. ‘த சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸ், 1997இல் குரல் நாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபின் தம் பாட்டுக் குரலை இழந்தார். முதலில் நிபுணர் பார்க்கட்டும். தேவையானால் மட்டுமே கத்தி.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், குறிப்பாகப் புகைபிடிப்பவராக இருந்தால், காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள். கழுத்தில் கட்டி, விழுங்க வலி, எச்சிலில் இரத்தம் இருந்தால் அந்த மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிச் செல்லலாம். நாண் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள், குரலோடு.

அன்றாடம் தண்ணீர் நிறையக் குடியுங்கள். அடிக்கடி கனைக்காதீர்கள். குரல் போனபோது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது. பேசாமல் இருப்பதே ஓய்வு. கூட்டத்தில் கத்துவதை விட்டு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குரல் கரகரக்கும் பிள்ளையை, “உனக்குப் பாட்டு வராது” என்று வகுப்பிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். முதலில் நிபுணரிடம் காட்டுங்கள். முடிச்சு கரைந்தால் அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு இதே மண்டபத்தில் பதிகம் பாடக் கூடும்.