முதல் தலைமுறை மாணவருக்கு யார் துணை?



கல்லூரி மாணவருக்கு ஆலோசனையும் வழித்துணையும் என்னும் பொருளை ஆராயக் கூடியுள்ள இம்மாநாட்டுக்கு நான் தலைமை வகிக்கிறேன். இரண்டு நாட்களிலும் அறிஞர்கள் பல கட்டுரைகளை வாசிக்க இருக்கிறார்கள். அவற்றுக்கு முகவுரையாக, நெடுங்காலமாக என் நெஞ்சை உறுத்திவரும் ஒரு விஷயத்தை மட்டும் சபையின் முன் வைக்க விரும்புகிறேன்.

மாணவருக்கு ஆலோசனை கூறும் இத்துறை நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு 1869 முதல் 1909 வரை தலைவராயிருந்த சார்லஸ் எலியட் என்பார், மாணவர் தம் பாடங்களைத் தாமே தெரிந்தெடுக்கலாம் என்னும் முறையை அங்கே வேரூன்றச் செய்தார். தெரிவு செய்யும் உரிமை வந்த இடத்தில், தெரிவுக்குத் துணைபுரியும் மனிதரும் அவசியமாயினர். நம் தேசத்திலோ, 1948இல் அமைந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழு மாணவர் நலனைத் தனியே எடுத்து ஆராய்ந்தது; 1964 முதல் 1966 வரை உழைத்த கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டலும் ஆலோசனையும் உயர்கல்வியின் அங்கமாக வேண்டும் என்றது. கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் ‘நாக்’ அமைப்பும், ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கணக்குக் கேட்டுவந்திருக்கிறது. ஆகவே கொள்கையில் நமக்குக் குறையில்லை, குறையெல்லாம் காரியத்திலேதான்.

காரியம் ஏன் அவசரமானது என்பதற்கு, நம் வகுப்பறைகளில் இன்று யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தேச அளவில் 28.4 விழுக்காடாயிருக்க, தமிழ்நாட்டில் அது 47 விழுக்காடு. இது பெருமைப்படத்தக்கதே. இன்று நம் வகுப்பறைகளில், வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘முதல் பட்டதாரி’ என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளும், அரசின் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயை நம்பிப் படிக்க வந்த பெண்களும் இருக்கிறார்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு எழும் சந்தேகம் அன்றிரவே வீட்டில் தீர்ந்துவிடுகிறது. களை பறிக்கப் போகும் தாயின் பிள்ளைக்கு, கிரெடிட் என்றால் என்ன, மறுமதிப்பீட்டுக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் என்ன நேரும் என்பதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. கேட்கலாம் என்பதுகூடத் தெரியாமல், துறை அறையின் வாசல்வரை வந்து, உள்ளே நாலு ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு, “அப்புறம் வரேன் சார்” என்று முணுமுணுத்துத் திரும்பிப்போகும் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளை அப்புறம் வருவதில்லை.

நான் அறிந்த ஒரு கல்லூரியில், கணிதம் இரண்டாமாண்டு படித்த மாணவன் ஒருவனுக்கு வருகை 75 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பரீட்சை எழுதத் தகுதியற்றோர் பட்டியலில் அவன் பெயர் ஏற இருந்த தருணத்தில், அவனுடைய வழிகாட்டி ஆசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்து நிதானமாகப் பார்த்தார். விடுபட்டவை யாவும் முதல் இரண்டு மணி நேரங்களே என்பதைக் கண்டார். அவனை அழைத்துக் கண்டிக்காமல், “காலையில் எங்கேப்பா போற?” என்று மட்டும் கேட்டார். விடியற்காலையில் காய்கறி மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு, குளித்து, பஸ் பிடித்து வருகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல்வரிடம் பேசி, கல்லூரி நூலகத்திலேயே மாலையில் பகுதிநேர வேலை ஏற்பாடு செய்தார். அந்தப் பருவத்தில் எஞ்சிய வகுப்புகள் ஒன்றையும் அவன் தவறவிடவில்லை. பரீட்சையும் எழுதினான். அந்த அம்மையார் செய்ததற்கு விசேஷப் பயிற்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை; பதிவேட்டைப் பார்க்க அரைமணி அவகாசமும், அப்பிள்ளையின்மேல் அக்கறையும் இருந்தன.

இந்த அவகாசம் எத்தனை ஆசிரியருக்கு வாய்க்கிறது? பல கல்லூரிகளின் ஆலோசனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ‘நன்கு படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது’ என்ற ஒரே வாக்கியம், ஒரே மையில், பக்கத்துக்குப் பக்கம் எழுதப்பட்டு, மாணவர் கையொப்பமும் வாங்கப்பட்டிருக்கிறது. மதிப்பீட்டுக் குழு வருமுன் அவசரமாக நிரப்பப்பட்ட ஏடுகள் அவை. இதற்காக ஆசிரியரைக் குறைகூற நான் ஒருப்படேன். உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்திருக்கிறது; அதன்மேல் விடைத்தாள், உள்மதிப்பெண், சேர்க்கைப் பணி, தேர்வுப் பணி எல்லாம் வந்து சேர்கின்றன. அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்பதே நிச்சயமில்லாத கௌரவ விரிவுரையாளரிடம், மூன்றாண்டு நீடிக்க வேண்டிய உறவை எப்படி எதிர்பார்ப்பது? எந்த வேலைக்குக் கால அட்டவணையில் இடமில்லையோ, அந்த வேலையை நிர்வாகம் உள்ளபடியே விரும்பவில்லை என்றுதான் நான் கொள்வேன்.

அவகாசம் கிடைத்தாலும் வழிகாட்டி ஆசிரியரின் பணிக்கு எல்லை உண்டு. மனம் உடைந்த நிலையிலுள்ள மாணவரைப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் அனுப்ப வேண்டுமேயல்லாமல், ஆசிரியர் தாமே வைத்தியராகிவிடக் கூடாது. மாணவர் நம்பிச் சொன்ன குடும்ப ரகசியத்தைப் பலர் கண்ணில் படும் ஏட்டில் எழுதுவதும் தகாது. இவை பற்றிய கட்டுரைகள் இன்று பிற்பகல் வர இருப்பதால் நான் விரிக்கவில்லை.

மாநாட்டுப் பிரதிநிதிகளிடம் எனக்குள்ள விண்ணப்பம் இதுவே. நாளை மாலை தீர்மானங்களை வகுக்கும்போது, வாரத்தில் இரண்டு மணி நேரமாவது மாணவரோடு தனித்தனியே பேசுவதற்கெனக் கால அட்டவணையில் ஒதுக்கப்பட வேண்டும் என்றும், அந்நேரம் 16 மணி நேரத்துக்குள்ளேயே பணியாகக் கணக்கிடப்பட வேண்டும் என்றும், முதல் பருவத்தின் முதல் மாதத்திலேயே ஒவ்வொரு மாணவரையும் ஆசிரியர் தாமே அழைத்துப் பேச வேண்டும் என்றும் முதல் தீர்மானமாக நிறைவேற்றி, அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பிவையுங்கள்.