நெடுஞ்சாலையும் நமது கல்வி நிதியும்

(விருத்தாசலத்தில் கூடிய நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



"சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணுவதற்கு ஒரு டாக்டர் பட்டமா?" என்று என் பாட்டனார் வினவினார். அவ்வினாவிற்கு விடையிறுப்பதே இன்று என் கடன்.

நம்மூர்ச் சூளைகளில் வெந்த பீங்கான் சாமான்கள் லாரியேறி வெளியூர் செல்கின்றன. நெரிசலில் லாரி நின்று நின்று குலுங்குமாயின் உடைவது நமது பண்டம். வீணாவது நமது பொழுது. விபத்து நேரின் இழப்பது நமது மக்களையன்றோ! இதற்குச் சாலையை அகலப்படுத்துவதே மருந்தென்பர் பலர். அஃதொன்றே போதுமா?

1935-ஆம் ஆண்டில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்னும் அமெரிக்கர், சாலையில் வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் குறைவதைக் கணக்கிட்டு வெளியிட்டார். ஓர் உதாரணம் கூறுவேன். ஒரு கிலோமீட்டரில் 20 வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திற் சென்றால், ஒரு மணியில் 1,600 வண்டிகள் கடக்கும். அதே தூரத்தில் 80 வண்டிகள் நெருங்கி, வேகம் 15 ஆகக் குறைந்தால், 1,200 வண்டிகளே கடக்கும். வண்டி பெருகிற்று, பயன் சுருங்கிற்று!

2008-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், ஜப்பானியர் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்டிப் பார்த்தனர். தடை ஏதுமின்றியே நெரிசல் தோன்றி, அலைபோற் பின்னோக்கிச் சென்றது. புதிய சாலையொன்றைச் சேர்ப்பதனாலேயே அனைவர்க்கும் பயண நேரம் நீளவுங் கூடும் என்பதை 1968-இல் பிரேஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் நிறுவினார்.

ஆயின் இக்கணக்குகள் பெரும்பாலும் கார்கள் வரிசையாகச் செல்லும் நாடுகளுக்கு ஏற்றவை. நமது சாலையிலோ லாரி, பஸ், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, மாட்டு வண்டி யாவும் கலந்து செல்லும். ஆதலின் நமது கணக்கை நாமே செய்தல் வேண்டும். அதனையே யான் பயில்கின்றேன்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர், 1975-இல் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. 1987-இல் நகர ரயிலையும் ஓடவிட்டது. நமக்கோ ரயில் சந்திப்பு வாயிலிலேயே உளது. சென்னை–திருச்சி மார்க்கமும், கடலூர்–சேலம் மார்க்கமும் இங்கே கூடுகின்றன. இருப்புப் பாதையில் உருளும் இரும்புச் சக்கரத்திற்கு உராய்வு குறைவு. ஆதலின் ஒரே பாரத்தைச் சுமக்க ரயிலுக்கு எரிபொருட் செலவும் புகையும் குறைவே. நமது சாமான்களில் எவை ரயிலேறலாம், எவை லாரியேறலாம் என்பதை அளந்தறிந்து கூற நம் இளைஞர் முன்வரல் வேண்டும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நமது கல்வி நிதி மருத்துவத்திற்கும் பொறியியற் பட்டத்திற்கும் உதவுவதோடு நின்றுவிடலாகாது. ஆராய்ச்சி செய்யும் மாணவ மாணவியர்க்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்குமாறு நிர்வாக சபையாரை வேண்டுகின்றேன். நான்கைந்து ஆண்டு உழைத்தே பயன் காணும் கல்வி அது. அத்தனை காலமும் ஏழைக் குடும்பம் தனித்துத் தாங்கவியலாது. மண்ணைப் பிசைந்து காயவைத்துச் சூளையில் வேகும்வரை காத்திருக்க அறிந்த ஊர் நம்மூர். இக்கல்விக்கும் அப்பொறுமையை அருள்வீர்களாக.