கடல் விரால் தேடும் வழி
(தூண்டில் மீனவர் குடும்பங்களிடையே நடந்த பேச்சு)



இன்றைய பேச்சு ஒரு மீனைப் பற்றியது. அதன் பெயர் கடல் விரால். கேரளத்தில் இதை மோதா என்பார்கள். மராட்டியக் கரையில் சகலா என்பார்கள். ஆங்கிலத்தில் கோபியா. பெயர் பல. மீன் ஒன்றுதான்.

குளத்து விராலைப் போல நீண்ட உடம்பு. அகன்ற, தட்டையான தலை. முதுகு கரும்பழுப்பு நிறம். பக்கத்தில் வெள்ளிக் கோடுகள். முதுகுத் துடுப்புக்கு முன்னால் 7 முதல் 9 குட்டை முட்கள் தனித்தனியாக நிற்கும். தண்ணீருக்குள் பார்த்தால் சிறு சுறாவோ என்று தோன்றும். 60 கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய மீன் இது.

ஒரு பெரிய மீன் கிடைத்தால் அன்றைய செலவு கட்டிவிடும். கிடைக்காவிட்டால்? டீசல் போச்சு. ஐஸ் போச்சு. இரை வாங்கிய காசும் போச்சு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கடலுக்குப் போனவருக்குக் கடன் ஏறும். அடுத்த முறை பிடித்த மீனை வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டி வரும். ஆகவே குருட்டாம்போக்கில் கடலைச் சுற்றக் கூடாது. மீனின் குணம் தெரிந்து தேட வேண்டும்.

எங்கே இருக்கும்?

பல மீன்களின் வயிற்றுக்குள் காற்றுப் பை உண்டு. மிதந்து நிற்க அது உதவும். கடல் விராலுக்கு அந்தப் பை இல்லை. அதனால் நீந்திக்கொண்டே இருக்கும். ஆனால் வெறும் தண்ணீரில் சும்மா அலையாது. ஏதாவது ஒன்றை ஒட்டியே திரியும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்தால் மீனைக் கண்டுபிடித்த மாதிரி.

முதலாவது, கடலுக்கு அடியில் உள்ள பாறைத் திட்டு. இதைப் பார் என்கிறோம். பாரில் நண்டும் சிறு மீனும் நிறைய இருக்கும். இரண்டாவது, மூழ்கிக் கிடக்கும் கப்பல். மூன்றாவது, மிதவை, நங்கூரம் போட்ட கப்பல், மிதந்து வரும் மரம். இவற்றின் நிழலில் சிறு மீன்கள் கூடும். அவற்றைத் தின்னக் கடல் விரால் வரும். நான்காவது, பெரிய திருக்கை, ஆமை, திமிங்கலச் சுறா. இவற்றின் கூடவே கடல் விரால் நீந்தும். திருக்கை மணலைக் கிளறும்போது நண்டு வெளியே ஓடும். பின்னால் வரும் விராலுக்கு அது விருந்து.

படகைப் பாருக்கு நேர் மேலே நிறுத்த வேண்டாம். நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். அப்போது இரை ஓட்டத்தோடு பாரை நோக்கிப் போகும். இரையின் வாடையும் கூடவே போகும்.

எதைத் தின்னும்?

இந்த மீனுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் உண்டு. நண்டு தின்னி என்பது அதன் பொருள். நண்டு, கணவாய், சிறு மீன் ஆகியவைதான் இதன் உணவு. பெரும்பாலும் முழுதாகவே விழுங்கிவிடும்.

உயிருள்ள இரை முதல் தரம். சிறு மீனானால் முதுகுத் துடுப்புக்கு அருகில் முள்ளை மேலாகக் கோர்க்க வேண்டும். ஆழமாகக் குத்தினால் மீன் செத்துவிடும். நண்டானால் ஓட்டின் ஓரத்தில், பின் காலுக்குப் பக்கத்தில் கோர்க்க வேண்டும். உயிருள்ள இரை கிடைக்காதபோது பச்சைக் கணவாய் நல்லது. மத்தியும் அயிலையும் உதவும். ஆனால் ஐஸில் வைத்த புது மீனாக இருக்க வேண்டும். குழைந்துபோன இரை முள்ளில் நிற்காது.

எந்த இரை எந்த இடத்துக்கு? இதற்குப் பதில் மீனின் வயிற்றிலேயே இருக்கிறது. அதை முதலில் பார்ப்பவர் யார்? மீனை அறுக்கும் பெண்கள். வயிற்றில் நண்டு ஓடு இருந்ததா, கணவாய் இருந்ததா, மத்தி இருந்ததா என்று அவர்களுக்குத் தெரியும். குடலைத் தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அடுத்த நாள் என்ன இரை கொண்டு போவது என்பதை அந்த வயிறு சொல்லிவிடும். வீட்டில் இதைக் கேட்டுக்கொள்ளாமல் கடலுக்குப் போகிறவர் பாதி அறிவைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

இடத்தை மறக்காமல் இருப்பது எப்படி?

பெரியவர்களிடம் கருவி எதுவும் இல்லை. ஆனால் பாரின் இடம் தவறியதில்லை. கரையில் ஒரு கோபுரமும் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே கோட்டில் தெரியும். வேறு திசையில் ஒரு பனைக் கூட்டமும் கலங்கரை விளக்கமும் ஒரே கோட்டில் தெரியும். இரண்டு கோடுகளும் சேரும் இடத்தில்தான் படகு நிற்கிறது. கன்னியாகுமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள். திருவனந்தபுரம் பக்கம் கணிச்சம் என்பார்கள். பிறகு ஈயம் கட்டிய கயிற்றை இறக்குவார்கள். ஆழம் எத்தனை பாகம் என்று கணக்கிடுவார்கள். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய 1.8 மீட்டர்.

இந்த அறிவு முழுதும் அவர்கள் நெஞ்சில்தான் இருந்தது. மகனுக்குச் சொல்லும் முன் தந்தை இறந்துபோனால் பாரும் அவரோடு போய்விடும். கடலில் பார் இருக்கும். வழி தெரிந்தவர் இருக்கமாட்டார்.

இன்று பல படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அதில் வரும் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். அதில் பாகை, நிமிடம் என்று வரும். இங்கே நிமிடம் என்பது கடிகார நேரம் அல்ல. இடத்தைக் குறிக்கும் அளவு. வடக்கு தெற்காக 1 நிமிடம் தவறினால் சுமார் 1.85 கிலோமீட்டர் தவறிவிடும். பார் ஓரிடம், படகு ஓரிடம். கடல் எல்லைக்குப் பக்கத்தில் தவறினால் மீனோடு போகாது. படகு பறிபோகும். சிறைக்கும் போக நேரும். கருவி தண்ணீரில் விழுந்தால் அதில் உள்ள எண்களும் போய்விடும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எழுதப் படிக்கக் கற்றவருக்கு இது பெரிய வேலை இல்லை. ஆறே விஷயம் எழுதினால் போதும்.

1. தேதி
2. இடம்: கணியம் அல்லது கருவி காட்டிய எண்
3. ஆழம் எத்தனை பாகம்
4. நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வந்தது
5. போட்ட இரை
6. கிடைத்த மீன், அதன் வயிற்றில் இருந்தது

மீன் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். ஓராண்டு எழுதினால் எந்த மாதம், எந்தப் பார், எந்த இரை என்பது தானே தெரியவரும். கடலில் இருந்து வந்தவர் சொல்லலாம். வீட்டில் இருப்பவர் எழுதலாம். இது குடும்பத்தின் சொத்து.

செய்யக் கூடாதவை

திமிங்கலச் சுறாவோடு கடல் விரால் போகும். ஆனால் அந்தச் சுறாவுக்கு முள் போடக் கூடாது. 2001-ஆம் ஆண்டு முதல் அது சட்டத்தால் காக்கப்படுகிறது. கடல் ஆமைக்கும் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. அதற்குள் மீன் பிடிக்கக் கூடாது.

குட்டி விரால் சிக்கினால் முள்ளை மெதுவாகக் கழற்றிக் கடலிலேயே விட வேண்டும். இது மிக வேகமாக வளரும் மீன். அதனால்தான் இதைக் கூண்டில் வளர்க்க முயன்றார்கள். 2010-ஆம் ஆண்டு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்தியாவில் முதன்முதலாக இதற்குக் குஞ்சு பொரித்தது. இன்று விட்ட குட்டி நாளை முட்டையிடும்.

இன்னொன்று. பெரிய விராலை உடனே படகுக்குள் இழுக்கக் கூடாது. அது களைத்துப் போகும்வரை நரம்பை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். தெம்போடு உள்ளே வந்தால் துள்ளி அடிக்கும். முள்ளும் கொக்கியும் கையைக் கிழிக்கும்.

கடலின் ஆழத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தா பயப்பட வேண்டும்? நாளைக் காலை கடலுக்குப் போகும் முன் முதல் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மீதியைக் கடலும் மீனின் வயிறும் சொல்லும்.