டிசம்பர் மழையில் சிங்கப்பூர்: வேலை இல்லாத ஒரு மழை நாள்

இன்னைக்கு எபிசோட், குடும்பத்தோட வெளிநாடு போய் மழையில மாட்டிக்கிறவங்களுக்கு. முக்கியமா டிசம்பர்ல சிங்கப்பூர் போகலாம்னு இருக்கிறவங்களுக்கு.

எங்க கும்மிடிப்பூண்டி பக்கம் வெளிநாடு போறதுக்குன்னு ஒரு கணக்கு உண்டு. சிப்காட்ல ஷிஃப்ட் வேலை பாக்கிறவங்களுக்கு நினைச்ச நேரத்துல நாலஞ்சு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைக்காது. கிடைக்கிறப்போ பசங்களுக்கு ஸ்கூல் லீவு இருக்கணும். ரெண்டும் ஒத்துவர்றது பெரும்பாலும் அரையாண்டுப் பரீட்சை முடிஞ்ச பிறகுதான். அதாவது டிசம்பர் கடைசி வாரம். எங்க போறதுன்னு கேட்டா முதல்ல வர்ற பேரு சிங்கப்பூர். சென்னையிலிருந்து சுமார் நாலு மணி நேரம், தமிழ் அங்க ஆட்சிமொழிகள்ல ஒண்ணு, பெரியவங்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை.

ஆனா டிசம்பர்ல அங்க மழை கொட்டும். சராசரியா வருஷத்துலயே அதிகம் மழை பெய்யுற மாசம் அதுதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நமக்கு மழை கொண்டு வர்ற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கயும் வீசுது. சென்னை, திருவள்ளூர் பக்கம் நவம்பர்தான் உச்சம். டிசம்பர் கடைசிக்குள்ள மழைப்பட்டை தெற்கே இறங்கிடும். நாம "அப்பாடா, மழை முடிஞ்சுது"ன்னு பெட்டி கட்டுற நேரத்துல சிங்கப்பூர்ல நல்லாப் பெய்ய ஆரம்பிச்சிருக்கும். சில சமயம் ரெண்டு மூணு நாள் விடாமக்கூடப் பெய்யும். அங்க வருஷத்துக்குச் சராசரியா 171 மழை நாட்கள். அதனால "மழை வந்தா என்ன செய்றது"ங்கிற கேள்வியைத் திட்டம் போடும்போதே கேட்டுடணும்.

நாங்க போனது அஞ்சு பேர். நான், என் வீட்டுக்காரர், அத்தை, ரெண்டு பசங்க. ரெண்டாவது நாள் காலையில ஆறு மணிக்குப் பிடிச்ச மழை ஒன்பது ஆகியும் விடலை. அன்னைக்கு மிருகக்காட்சி சாலை போறதா இருந்தோம். இவர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் போனை எடுத்து வானிலை பாக்குறார். பசங்க கட்டில் மேல சண்டை. யாரும் வாய் திறந்து சொல்லலை, ஆனா எல்லார் மனசுலயும் ஓடினது ஒரே கணக்கு: ஒரு நாள் வீணாப் போச்சுன்னா எவ்வளவு காசு?

அத்தை ஜன்னல் பக்கத்துல உக்காந்து வேற ஒரு கணக்கு போட்டுக்கிட்டு இருந்தாங்க. "மாடியில தண்ணி நிக்குமேம்மா. பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போடு"ன்னாங்க. போட்டேன். கும்மிடிப்பூண்டியில சுள்ளுன்னு வெயில். எல்லாரும் சிரிச்சிட்டோம், அத்தையும்தான்.

ஆனா அவங்க பயம் சும்மா வந்தது இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்னு திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிறவங்களுக்கு மழைன்னா முதல்ல ஞாபகம் வர்றது கரண்ட் கட்டும் தெருவுல நிக்கிற தண்ணியும். அதுவும் வீட்டுப் பெண்களுக்கு மழைன்னா வேலை. காயாத துணி, ஈர விறகு மாதிரி புகையுற வீட்டு மனுஷங்க, ஒழுகுற இடத்துல வாளி. அத்தைக்கு அறுபது வயசுக்கு மேல ஆகுது. எந்த வேலையும் தலையில இல்லாம ஒரு மழையை அவங்க பாத்திருப்பாங்களான்னு தெரியலை. அன்னைக்குக் கிடைச்ச மழை அந்த மாதிரி ஒண்ணு. "அத்தை, வாங்க, நனையாமலே ஊர் சுத்தலாம்"னு கிளப்பினேன்.

நிஜமாவே அங்க அது முடியும். லிட்டில் இந்தியாவுல பழைய கடைவீடுகளுக்கு முன்னாடி கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாப் போகும். அந்த ஊர்த் தமிழர்கள் அஞ்சடின்னு சொல்றாங்க. 1822ல ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் போட்டப்பவே, ஒவ்வொரு கட்டடத்து முன்னாடியும் மூடின நடைபாதை இருக்கணும்னு விதி வெச்சார். இருநூறு வருஷம் கழிச்சும் அதே யோசனை தொடருது. 2013லிருந்து 2018க்குள்ள எம்ஆர்டி ஸ்டேஷன், பஸ் நிலையங்களைச் சுத்தி 200 கிலோமீட்டர் கூரைப் பாதை புதுசா போட்டிருக்காங்க. நம்ம ஊர்ல மழை வந்தா கடை வாசல்ல ஒதுங்கி நின்னு, விடுற வரைக்கும் வானத்தைப் பாப்போம். அங்க யாரும் நிக்கலை. மழை பாட்டுக்குப் பெய்யுது, மக்கள் பாட்டுக்கு நடக்கிறாங்க.

அஞ்சடி வழியாவே தேக்கா சென்டர் போனோம். கீழ மார்க்கெட், உணவுக்கடைகள். இந்த மாதிரி உணவங்காடிக் கலாச்சாரத்தைத்தான் 2020ல யுனெஸ்கோ தன்னோட பட்டியல்ல சேர்த்தது. பரோட்டா, தே தாரிக்னு ரெண்டு மணி நேரம் உக்காந்தோம். பக்கத்து மேசையில இருந்த ஒரு அம்மா அத்தைகிட்ட "எந்த ஊரு?"ன்னு கேட்டாங்க. "மெட்ராஸுக்கு வடக்கே, ஆந்திரா பார்டர்"னு ஆரம்பிச்ச பேச்சு மீன் விலை வரைக்கும் போச்சு. வெயிலடிச்சிருந்தா அந்நேரம் நாங்க டிக்கெட் வரிசையில நின்னுக்கிட்டு இருந்திருப்போம்.

சாயங்காலம் தூறலா குறைஞ்சதும் மரினா அணைக்கட்டுக்குப் போனோம். 2008ல திறந்தது. உள்ள போக டிக்கெட் கிடையாது. கடல்முகத்துல அணை கட்டி, ஊருக்கு நடுவுலயே நன்னீர் ஏரி ஆக்கியிருக்காங்க. நாட்டோட பரப்புல ஆறுல ஒரு பங்குல பெய்யுற மழை இந்த ஏரிக்குத்தான் வருது. பலத்த மழை பெஞ்சா, கடல்மட்டம் தாழ்வா இருக்கிறப்போ மதகைத் திறந்து தண்ணியைக் கடலுக்கு விடுவாங்க. கடல் ஏறியிருந்தா, ஏழு ராட்சத பம்புகளை வெச்சு வெளியேத்துவாங்க.

பெரியவன் கேட்டான்: "நம்ம ஊர்ல இப்படி இருக்காம்மா?" இருக்கு. நம்ம கும்மிடிப்பூண்டி தாலுகாவுலயே இருக்கு. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய்க்கண்டிகை ஏரியையும் இணைச்சுக் கட்டின நீர்த்தேக்கம், 50 கோடி கன அடி கொள்ளளவு. 2020 நவம்பர்ல திறந்தாங்க. சென்னைக்குக் குடிதண்ணி கொடுக்கிற ஏரிகள்ல அதுவும் ஒண்ணு. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல சென்னைக்குத் தண்ணி வந்ததைப் பாத்தவங்களுக்கு அதோட அருமை தெரியும். பக்கத்துல இருக்கிற அந்த ஏரிக்கு நாங்க பசங்களைக் கூட்டிட்டுப் போனதே இல்லை. சிங்கப்பூர் மழையிலதான் அதைப் பத்திப் பேச வாய்ச்சுது.

சரி, போறவங்களுக்குச் சில விஷயங்கள்.

திட்டத்தைத் தேதி வாரியாப் போடாதீங்க. கூரைக்குள்ள பாக்க வேண்டியது, வெட்டவெளியில பாக்க வேண்டியதுன்னு ரெண்டு பட்டியல் வெச்சுக்கோங்க. மழை எந்தப் பட்டியல்னு சொல்லும், நீங்க வரிசையை மாத்திக்கிட்டாப் போதும். டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி தேதி மாத்த முடியுமான்னு பாருங்க.

சிங்கப்பூர் வானிலைத் துறை அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கான முன்னறிவிப்பைப் பகுதி வாரியாக் கொடுக்கும். நாள் முழுக்க மழைச்சின்னம் காட்டுற போன் ஆப்பைப் பாத்துச் சோர்ந்து போகாம, இதைப் பாத்துக் கிளம்புங்க.

மழையில நடக்கலாம், மின்னல்ல வேண்டாம். இடி கேட்டா வெட்டவெளியிலயோ நீச்சல் குளத்துலயோ இருக்கக் கூடாது.

கான்வாஸ் ஷூ நனைஞ்சா அடுத்த நாளைக்குள்ள காயாது. வழுக்காத செருப்பு போடுங்க. பசங்களுக்கு ரெயின்கோட், பெரியவங்களுக்குக் குடை. ஈரத்தோட எம்ஆர்டி ஏசியில ஏறினா வெடவெடன்னு நடுங்கும், அதனால பையில ஒரு சால்வையும் ஒரு மாத்துச் சட்டையும் இருக்கட்டும்.

கடைசியா, வீட்டுல யாராவது "இன்னைக்கு ரூம்லயே இருக்கேன்"னு சொன்னா உடனே இழுக்காதீங்க. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பத்து நிமிஷம் கூட உக்காந்து மழையைப் பாருங்க. அப்புறம் கூப்பிடுங்க, வருவாங்க.

மிருகக்காட்சி சாலைக்கு நாலாவது நாள் போனோம். அங்கயும் தூறல்தான்.