51-வது செருப்பு

இன்னைக்கு ஒரு செருப்பை வச்சு காப்பிரைட் பேசப்போறோம்.

2025 ஜூன் மாசம், மிலான்ல பிராடா ஃபேஷன் ஷோ. மாடல்கள் போட்டிருந்தது பார்த்ததுமே தெரியுற கோலாப்புரி. ஆனா பிராடா அதைச் சும்மா 'தோல் செருப்பு'ன்னுதான் சொன்னாங்க. எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் இது இந்தியக் கைவினையிலிருந்து வந்ததுன்னு ஒத்துக்கிட்டாங்க.

"கோலாப்புரிக்கு 2019லயே புவிசார் குறியீடு கிடைச்சதே?"ன்னு கேட்பீங்க. கிடைச்சது. நம்ம வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கும் இருக்கு. ஆனா அது முக்கியமா பெயருக்கான காவல். பெயரைச் சொல்லாம வடிவத்தை மட்டும் எடுத்தா, அந்தக் காவல் பெருசா உதவாது. சரி, காப்பிரைட்? அதுக்கு "இதை வரைஞ்சது நான்"னு சொல்ல ஒரு ஆள் வேணும். தலைமுறை தலைமுறையா கைமாறி வந்த வடிவத்துக்கு அப்படி யாரைக் காட்டுறது?

ஆள் இருந்தா கதையே வேற. லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸோட போட்டோவை வச்சு ஆண்டி வார்ஹால் படங்கள் செஞ்சார். அதில் ஒண்ணை 2016ல வார்ஹால் அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்கு 10,000 டாலருக்குக் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு பைசா வரல. 2023ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2ன்னு அவங்க பக்கம் நின்னது.

இப்போ ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு வருவோம். இங்கே தைக்கிற ஷூ பலதும் வெளிநாட்டு பிராண்ட் பெயர்லதான் கப்பல் ஏறுது. பேட்டர்ன் போட்டவர் பெயர் எங்கேயும் இருக்காது. சம்பளத்துக்கு வரைஞ்சா, வேற ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்குத்தான்.

"நான் ஃப்ரீயா வேலை செய்ற டிசைனர்"ங்கிறீங்களா? உங்களுக்கு ஒரு பொறி இருக்கு: காப்பிரைட் சட்டம், பிரிவு 15(2). நீங்க வரைஞ்ச ஓவியம் சுவர்ல தொங்கினா, உங்க ஆயுளுக்கும் அதுக்கு மேல 60 வருஷத்துக்கும் உரிமை உண்டு. ஷூவுக்குன்னே வரைஞ்ச டிசைனைப் பதிவு பண்ணாம இயந்திரத்துல ஏத்தினா, 50 பிரதியைத் தாண்டினதும் அந்த டிசைன்ல காப்பிரைட் போச்சு. ஒரு ஃபேக்டரிக்கு ஐம்பதுங்கிறது ஒரு எண்ணிக்கையா?

அதனால, 2000-ஆம் வருஷ டிசைன் சட்டத்துல பதிவு பண்ணுங்க. முதல்ல 10 வருஷம், நீட்டிச்சா இன்னும் 5. முக்கியமா, இன்ஸ்டாகிராம்ல போடுறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போயிடணும். வெளியே வந்துட்ட டிசைன் சட்டத்துக்குப் புதுசு இல்ல.

பிராடா கதை எப்படி முடிஞ்சது? பொதுநல மனுவை 2025 ஜூலையில் பாம்பே ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆனா டிசம்பர்ல, மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் 2,000 ஜோடி செய்யப்போறதா பிராடாவே அறிவிச்சாங்க. சட்டம் இழுத்துட்டு வரல. சத்தம் இழுத்துட்டு வந்தது. கோலாப்பூருக்கு சத்தம் போட ஊர்ப் பெயராவது செருப்புல இருந்தது. ஆம்பூர் ஷூவுக்கு அதுவும் இல்ல. அதான் நம்ம ஆளுங்க பேப்பரைப் பிடிச்சு வச்சுக்கணும்னு சொல்றேன்.

டிசைன் பண்ற நண்பர் இருந்தா இதை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.