அத்தாவின் மறதிக்கு வயது மட்டும்தான் காரணமா?

(வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கடையை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். நாற்பது வருடமாக நடக்கும் ஜவுளிக்கடை. கல்லாவில் அத்தா உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. யார் எவ்வளவு பாக்கி என்பதைப் பேரேட்டைப் புரட்டாமலே சொல்லக்கூடியவர். சமீப காலமாக அவரிடம் ஒரு மாற்றம். காலையில் பணம் கட்டிவிட்டுப் போனவரிடம் மாலையில் மறுபடியும் பாக்கி கேட்கிறார். சொன்ன செய்தியையே அரை மணி நேரத்தில் திரும்பச் சொல்கிறார். தொழுகையில் மூன்றாவது ரக்அத்தா, நான்காவதா என்று அடிக்கடி தடுமாறுகிறார். ஆனால் தானாகக் குளிக்கிறார், தானாகக் கடைக்கு வருகிறார், மீதிச் சில்லறையைச் சரியாகத்தான் தருகிறார்.

வீட்டில் என்ன செய்வார்கள்? இரண்டில் ஒன்று நடக்கும். "வயசாகிப் போச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால், "இனிமேல் நீங்க கடைக்கு வர வேண்டாம் அத்தா, வீட்டில் ஓய்வா இருங்க" என்று சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இரண்டுமே தவறு! ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

இது என்ன நிலை?

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லா வயதிலும் உண்டு. அது நோயல்ல. வீட்டாரை அடையாளம் தெரியாமல், தன் வேலையைத் தானே செய்ய முடியாமல் போவது டிமென்ஷியா என்னும் மறதி நோயின் முற்றிய நிலை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. நினைவாற்றலோ கணக்கிடும் திறனோ வயதுக்கு மீறிக் குறைந்திருக்கும். ஆனால் அன்றாட வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டிருக்காது. இதைத்தான் மருத்துவர்கள் லேசான அறிவாற்றல் குறைபாடு என்கிறார்கள்.

2018இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கு வெளியிட்டது. 60 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு சுமார் 7 பேருக்கு இந்த நிலை இருக்கிறது. 80 முதல் 84 வயதில் நான்கு பேரில் ஒருவருக்கு! 65 வயதைத் தாண்டி இந்நிலையில் இருப்பவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்துப் பார்த்ததில், நூற்றுக்கு சுமார் 15 பேர் டிமென்ஷியாவுக்குப் போயிருக்கிறார்கள். அதே நேரத்தில் வேறு சிலர் பழைய நிலைக்கே திரும்பியும் இருக்கிறார்கள்.

சகோதரர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். இது ஒரு வழிப் பாதை அல்ல. நாம் இடைமறிக்கக் கூடிய கட்டம் இது. இதைத்தான் "வயசாகிப் போச்சு" என்ற ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறோம்!

காரணங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன?

வயதை மாற்ற முடியாது. பரம்பரையை மாற்ற முடியாது. சரி. மற்றவை? 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும், மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் கணிப்பு. அதற்கு முந்தைய கட்டமான இந்த லேசான குறைபாட்டுக்கும் பெரும்பாலும் அதே வேர்கள்தான்.

முதலில் இரத்த அழுத்தம். மூளைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கெடுக்கிறது. வலிக்காது, தலை சுற்றாது. அதனால்தான் நம்மவர்கள் பத்து நாள் பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9,361 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. மேல் அளவை 140க்குக் கீழ் வைத்தவர்களை விட, 120க்குக் கீழ் வைத்தவர்களுக்கு இந்த லேசான குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. 2019இல் வெளியான முடிவு இது. உடனே மாத்திரையை நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள்! பெரியவர்களுக்கு அழுத்தம் மிகவும் இறங்கினால் மயங்கி விழுவார்கள். எந்த அளவு தகும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது சர்க்கரை. கல்லாவில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடி வியாபாரம், வரும் ஒவ்வொரு ஆளோடும் ஒரு டீ, இரவு பதினொரு மணிக்கு புரோட்டா. சர்க்கரை, உடற்பருமன், கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை ஆகிய நான்கும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சர்க்கரை ஏறினால் மட்டுமல்ல, ஒரேயடியாக இறங்கினாலும் மூளைக்குக் கேடு. இன்சுலின் போடும் பெரியவர்கள் நோன்பு மாதத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்து பேச வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது, காது. இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். காது மந்தமானால் மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது. ஆள் பேச்சை விட்டு ஒதுங்குகிறார். 2023இல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்றாண்டுகள் கவனித்த ஆய்வு வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது காது கேட்கும் கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணங்கள் கூடுதலாக இருந்த பிரிவினருக்கு அறிவாற்றல் குறையும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூக்குக்கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காதுக் கருவிக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? கண்புரையையும் தள்ளிப் போடாதீர்கள். பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

புகை, மது, காற்று மாசு, மனச்சோர்வு, தலைக்காயம் ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளவைதான். ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகும் தம்பிகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சிறு வயதில் கிடைக்காத கல்வியும் அந்த 14இல் ஒன்று. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 7 பேருக்கு மேல் டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. அது படிக்காதவர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்பட்டது. மகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தும் தந்தையே! அவளுடைய எழுபதாவது வயதையும் சேர்த்துத்தான் நீங்கள் முடிவு செய்கிறீர்கள். சிந்தித்துப் பாருங்கள்!

சாவியைப் பறித்தால் என்ன ஆகும்?

இப்போது அந்த ஜவுளிக்கடைக்குத் திரும்புவோம். அத்தாவை வீட்டில் உட்கார வைத்தார்கள். என்ன நடந்தது? கடைக்கு நடந்து போவது நின்றது, உடலுழைப்பு போயிற்று. நாளைக்கு ஐம்பது பேரோடு பேசியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; தனிமை வந்தது. "நான் எதற்கும் உதவாதவனாகி விட்டேன்" என்ற எண்ணம் வந்தது, மனச்சோர்வு பிடித்தது. ஓய்வு கொடுப்பதாக நினைத்து, மூன்று ஆபத்துக் காரணங்களை நாமே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம்!

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் நடந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு பிரிவினருக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்த அழுத்தம் போன்றவற்றில் கண்காணிப்பு எல்லாம் சேர்த்துத் தரப்பட்டன. மற்றவர்களுக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து நினைவு, சிந்தனைச் சோதனைகளில் முதல் பிரிவினர் முன்னேறியிருந்தார்கள். 2015இல் வெளியான முடிவு இது.

ஆகவே அத்தா கடைக்கு வரட்டும். பெரிய தொகைக்கு மட்டும் பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். வரவு செலவு உடனுக்குடன் எழுதப்படட்டும். கூட்டு வியாபாரக் கணக்கு, கொடுக்கல் வாங்கல், பத்திரங்கள் எல்லாவற்றையும் அவர் தெளிவாக இருக்கும்போதே, அவரையும் உட்கார வைத்து, அவர் சம்மதத்தோடு ஒழுங்குபடுத்துங்கள். அவருக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்குவது அவருக்குச் செய்யும் துரோகம். நாளை பிள்ளைகளுக்குள் வழக்காகவும் வந்து நிற்கும்.

துபாயிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகளே! பணம் அனுப்புகிறீர்கள், நன்று. ஆனால் போனில் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். கால் மணி நேரம் பேச விடுங்கள். அவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா என்பதும் அந்தப் பேச்சில்தான் தெரியும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை மாத்திரைகள் சிலவும் புத்தியை மந்தமாக்கும். எனவே சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஞாபக சக்தி டானிக்குகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பெரிதும் பேசப்பட்ட ஜின்க்கோ மாத்திரையை அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008இல் தெரிந்துவிட்டது.

இறுதியாக, நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. அத்தாவின் இன்றைய மறதிக்கு விதை அவருக்கு உங்கள் வயது இருந்தபோதே விழுந்திருக்கலாம். கடைச் சரக்கை ஆண்டுக்கு ஒருமுறை இருப்புப் பார்க்கிறீர்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நாளைக் காலை அத்தாவை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அங்கே அவர் கையை மட்டும் நீட்டச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையையும் நீட்டுங்கள்!